அடுத்து என்ன நடக்கும்? நீங்களே முடிவு பண்ணலாம்! வாசகரும் கலந்துகொள்ளும் கதைப் புத்தகங்கள்... எட்டயபுரம் கரிசலுக்கு இது புதுசா?

பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை. விட்டுவிட்டால் வேறொரு வாழ்க்கை. 2001ல் ஜீவா இயக்கத்தில் ஷாம் நடித்த ‘12பி’ படம் ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் ஏறிய ஷாமுக்கு என்ன ஆச்சு, ஏறாத ஷாமுக்கு என்ன ஆச்சு என்று இரண்டு கதையையும் மாற்றி மாற்றிக் காட்டிய படம் அது.

ஆனால் ஷாம் பஸ்ஸில் ஏறணுமா, வேண்டாமா என்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? ‘ஏறட்டும்’ என்று ஒரு கூட்டம், ‘வேண்டாம்’ என்று இன்னொரு கூட்டம் கத்தியிருக்கும். ஆளுக்கு ஒரு படம் பார்த்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள்.

அந்தக் கேள்வியை வாசகரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலுக்கு ஏற்ப நகரும் கதைகளுக்குத்தான் ‘இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன்’ என்று பெயர். தமிழில் ‘ஊடாடும் புனைவு’ என்கிறார்கள். கிளைக்கதை என்று சொன்னால் இன்னும் அழகாக இருக்கும்தான். ஆனால் மகாபாரதத்துக்குள் வரும் நளன் கதை மாதிரியான உட்கதைகளுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

திடீரென்று இந்தப் பேச்சு ஏன்?

2025ல் நடந்த இரண்டு விஷயங்கள்தான் காரணம்.

முதலாவது, நெட்ஃபிளிக்ஸ். 2018 டிசம்பர் 28ல் அந்நிறுவனம் ‘பிளாக் மிரர்: பேண்டர்ஸ்நாட்ச்’ என்ற படத்தை வெளியிட்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு பட்டன் வரும். காலையில் ஹீரோ எந்த டப்பாவைத் திறந்து சாப்பிடணும் என்பதில் ஆரம்பித்து, கொலை வரைக்கும் பார்ப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 விநாடிக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் படமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். உலகம் முழுக்கப் பேசினார்கள், எம்மி விருதும் கிடைத்தது. இனி எல்லாப் படமும் இப்படித்தான் வரும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வரவில்லை. 2024 டிசம்பரில் இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவற்றை நெட்ஃபிளிக்ஸ் தூக்கியது. மிச்சமிருந்தவற்றில் பேண்டர்ஸ்நாட்ச்சும் 2025 மே மாதம் போனது.

இரண்டாவது, கேரக்டர் ஏஐ. செயற்கை நுண்ணறிவுப் பாத்திரங்களோடு மணிக்கணக்கில் பேசவிடும் அமெரிக்கச் செயலி இது. பிள்ளைகளின் மனநலம் கெட்டது என்று பெற்றோர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2025 நவம்பரில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இஷ்டத்துக்கு அரட்டை அடிப்பதை நிறுத்தியது. சரி, பதிலுக்கு அவர்களுக்கு என்ன கொடுத்தது? ‘ஸ்டோரீஸ்’ என்ற பெயரில் இன்டராக்டிவ் கதைகள்!

ஒரு பெரிய நிறுவனம் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று கைவிட்டதை, இன்னொரு நிறுவனம் அதே வருஷத்தில் ‘பிள்ளைகளுக்கு இதுதான் பாதுகாப்பானது’ என்று கையில் எடுத்திருக்கிறது. அப்படி இந்த வடிவத்தில் என்னதான் இருக்கிறது?

ஒரு அப்பா, இரண்டு மகள்கள்

தொடக்கம் ரொம்ப சாதாரணமானது. அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கர்ட் என்று ஒரு வழக்கறிஞர். ராத்திரி தூங்கும் முன்பு தன் மகள்களுக்கு, ஒரு தீவில் மாட்டிக்கொண்ட பீட் என்பவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சரக்கு தீர்ந்துபோச்சு. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், ‘இப்போ பீட் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்க’ என்று மகள்களிடமே கேட்டுவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இரண்டு பதிலுக்கும் தனித்தனியாகக் கதை வளர்ந்தது.

அதையே 1969ல் புத்தகமாக எழுதினார். ‘சுகர்கேன் ஐலேண்ட்’, அதாவது கரும்புத் தீவு. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1976ல்தான் ஒரு சிறு பதிப்பகம் அச்சிட்டது. 1979 முதல் ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ என்ற வரிசையாக பாண்டம் நிறுவனம் வெளியிட ஆரம்பித்தது. அடுத்த 20 ஆண்டுகளில் 25 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன!

புத்தகம் இப்படி இருக்கும்: ‘குகைக்குள் போவதாக இருந்தால் 14ஆம் பக்கத்துக்குப் போங்கள். திரும்பிப் போவதாக இருந்தால் 22ஆம் பக்கம்.’ வாசகர் பக்கத்தைப் புரட்டி அந்த வழியில் போவார். சில வழிகள் புதையலில் முடியும், சில வழிகள் நாலே பக்கத்தில் சாவில் முடியும். அந்தக் காலப் பிள்ளைகள் முந்தைய பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொண்டு, செத்துப்போனால் நைசாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது தனிக்கதை.

1982ல் பிரிட்டனின் ஸ்டீவ் ஜாக்சனும் இயான் லிவிங்ஸ்டனும் இதோடு தாயக்கட்டை மாதிரி பகடையையும் சேர்த்தார்கள். ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ என்ற அந்தப் புத்தகத்தில் 400 துண்டுகள். பென்சில், இரண்டு பகடை, புத்தகம் இருந்தால் போதும், ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து விளையாடலாம்.

எழுதுபவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்று வைத்துக்கொள்வோம். 10 முறை தேர்ந்தெடுத்தால் கதை எத்தனை முடிவுகளில் போய் நிற்கும்? 1,024! அத்தனையையும் எழுதினால் ஆயுள் போதாது. அதனால் பிரிந்த வழிகளைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு, மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வாசகருக்கு அது தெரியாது. தெரிந்துவிட்டால் ‘எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வரப்போகிறோம்’ என்று புத்தகத்தை மூடிவிடுவார். இந்த வகை எழுத்தில் கைத்திறன் என்பதே பெரும்பாலும் இதை மறைப்பதுதான்.

எட்டயபுரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டியில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எட்டயபுரம். பாரதி பிறந்த வீடும், 1947ல் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபமும் இருப்பதால் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்து போகும் ஊர். ‘சீறாப்புராணம்’ பாடிய உமறுப் புலவரும், அவருக்கு ஆசிரியரான கடிகைமுத்துப் புலவரும் வாழ்ந்த ஊரும் இதுதான்.

இந்த ஊர் அரண்மனை அவையில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். சுப்பையாவுக்கு அப்போது 11 வயதுதான். அவனைவிட மூத்தவரான காந்திமதிநாதன் என்பவர், ‘இவ்வளவு பெரிய புலவன்னா இதை வச்சுப் பாடு’ என்று ஒரு ஈற்றடியைக் கொடுக்கிறார். ஈற்றடி என்றால் வெண்பாவின் கடைசி வரி. கொடுத்த வரியே பாரதியைச் சின்னப் பையன் என்று கேலி செய்யும் வரி! பையன் அந்த வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சொல்லைப் பிரிக்கும் இடத்தை மட்டும் மாற்றி, முன்னால் மூன்று அடிகளைப் போட்டு, கேலியைக் கொடுத்தவர் மேலேயே திருப்பிவிட்டான்.

கவனித்தீர்களா? இங்கே முடிவு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவுக்குப் போகும் வழிதான் கேட்பவர் கையில் இருக்கிறது. பேக்கர்ட் செய்ததற்கு நேர் எதிர்த்திசை. ஆனால் இரண்டிலும் ஒரு ஆள் பாதியை எழுதி, மீதியை எதிரில் இருப்பவரிடம் விடுகிறார்.

இது புலவர்கள் விளையாட்டு. சாதாரண சனத்திடம் என்ன இருந்தது?

விடுகதை இருந்தது. தெற்கத்திப் பேச்சில் ‘அழிப்பாங்கதை’ என்றும் சொல்வார்கள். தொல்காப்பியம் இதைப் ‘பிசி’ என்று குறிப்பிடுகிறது. பதில் சொல்கிறவர் இல்லாமல் விடுகதை முடியவே முடியாது. வேதாளம் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் ‘நீ என்ன சொல்லுவ?’ என்று நிறுத்திக் கேட்காத பாட்டி உண்டா? சரியான பதில் சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும் அமைப்பு இது.

அப்புறம் ‘உம்’ கொட்டுவது. கதை சொல்பவர் சொல்லிக்கொண்டே போக, கேட்பவர் ‘ம்... ம்...’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் ஆள் தூங்கிவிட்டது என்று அர்த்தம், கதையும் நிற்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் போடும் ‘ஆமா’வும் இதே வகைதான். தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டக் கோயில் கொடைகளில், சாமியாடிக்கு அருள் வருவதைப் பார்த்துப் பாட்டுக்காரர் கதையை நீட்டுவார், சுருக்குவார். அங்கே கூட்டத்தைப் பார்க்காமல் கதையை நடத்தவே முடியாது.

கி.ரா. பிடித்து வைத்ததும், பிடிக்க முடியாததும்

இந்தக் கரிசல் மண்ணின் பேச்சுக் கதைகளை எழுத்தில் கொண்டுவந்ததில் முக்கியமானவர், கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் கிராமத்தைச் சேர்ந்த கி.ராஜநாராயணன். 1976ல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் மங்கத்தாயாரு அம்மாள் என்ற பாட்டிதான் குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்த கதையைச் சொல்வார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991ல் சாகித்ய அகாதமி விருது. கரிசல் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே போட்டார். ஊர் ஊராகச் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் பெரிய களஞ்சியமாக வந்தன. அவருக்குப் பிறகு பூமணி (2014), சோ.தர்மன் (2019) என்று இதே வட்டாரத்துக்கு அகாதமி விருது வந்துகொண்டே இருந்தது.

2021 மே 17ல் புதுச்சேரியில் கி.ரா. காலமானார். இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

அவர் சேகரித்த கதைகள் இன்று பத்திரமாக இருப்பதே பெரிய விஷயம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அச்சில் ஏறும்போது ஒரு விஷயம் கட்டாயம் நின்றுபோகும். ஒரே கதையை இடைசெவல் பாட்டி ஒரு மாதிரி முடிப்பார், எட்டயபுரம் தாத்தா வேறு மாதிரி முடிப்பார். பேரன் அழுதால் ராஜகுமாரி பிழைத்துக்கொள்வாள். பேரன் சேட்டை பண்ணினால் பூதம் வந்துவிடும். புத்தகத்தில் ஏதோ ஒரு முடிவுதான் நிற்கும். பழைய ஏடுகளில் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று வடிவம் கிடைத்தால் பதிப்பாசிரியர்கள் ‘பாடபேதம்’ என்று அடிக்குறிப்பில் கொடுப்பார்கள். தாத்தா, பாட்டிகளின் பாடபேதத்துக்கு அடிக்குறிப்பு போட யார் இருக்கிறார்கள்?

வாசகர் தேர்ந்தெடுக்கும் புத்தகம் இந்த இடத்தில்தான் கரிசலுக்குத் தேவைப்படுகிறது. ஒரு கதையின் நாலு முடிவுகளையும் ஒரே அட்டைக்குள் வைக்கும் வசதி அதில் இருக்கிறது. கதை சொல்லும் தலைமுறை கண்முன்னே குறைந்துகொண்டு வருகிறது. அவர்கள் பேச்சை வீடியோவில் பதிவு செய்தாலும் அது ஒருவழிப் பாதைதான், ‘அப்புறம் அவ தப்பிச்சுட்டான்னு சொல்லு பாட்டி’ என்று வீடியோவிடம் கெஞ்ச முடியாது.

ஒரு சின்ன டெமோ

பேய், புதையல் மட்டும்தான் இந்த வடிவத்துக்குச் சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். எட்டயபுரம் பக்கம் மானாவாரி விவசாயியின் வாழ்க்கையை வைத்தே ஒரு கதை ஆரம்பிக்கலாம். மாதிரிக்கு இதோ:

பிரிவு 1: புரட்டாசி பாதி ஓடிவிட்டது. உங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு. உழுது போட்டாச்சு. உளுந்து விதை வீட்டில் மூட்டையில் இருக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் நேற்றே விதைத்துவிட்டார். நீங்களும் இன்றே விதைப்பதாக இருந்தால் பிரிவு 2. ஒரு மழை பார்த்துவிட்டு விதைக்கலாம் என்றால் பிரிவு 3.

பிரிவு 2: விதைத்துவிட்டீர்கள். எட்டு நாளாக வெயில். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகிறது, பறவைகளும் விடவில்லை. இன்னொரு தடவை விதைக்க நகையை அடகு வைப்பதாக இருந்தால் பிரிவு 4. முளைத்தது முளைக்கட்டும் என்று விட்டுவிட்டால் பிரிவு 5.

பிரிவு 3: மழை வந்தது. நிற்கவே இல்லை. காலை எடுத்தால் கரிசல் மண்ணும் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. டிராக்டர் இறங்க வழியில்லை. பக்கத்துக் காட்டில் பயிர் ஒரு சாண் நிற்கிறது. காயும் வரை காத்திருந்து தாமதமாக விதைப்பதாக இருந்தால் பிரிவு 5. இந்த வருஷம் உளுந்து வேண்டாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்றால் பிரிவு 6.

இதை நாவலாக எழுதினால், ‘அவர் அவசரப்பட்டு விதைத்துவிட்டார் பாவம்’ என்று வாசகர் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கே விதைத்தது நீங்கள். நகை அடகுக்குப் போனதும் உங்களால்தான். சென்னையில் மெட்ரோவில் உட்கார்ந்து படிக்கும் ஒருத்தருக்கு ‘ஏன் இவங்க மழை வரும்னு தெரிஞ்சும் முன்னாடியே விதைக்கலை?’ என்ற கேள்விக்குப் பதில் மூன்றே பிரிவில் புரிந்துவிடும். இதைச் சாதாரணக் கதையால் செய்ய முடியாது என்று இல்லை. ஆனால் இவ்வளவு சுருக்கமாகச் செய்வது கஷ்டம்.

அதேசமயம் இந்த வடிவத்தின் ஓட்டையும் இதே கதையில் தெரியும். விதைப்பதும் விடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. மழைக்கு பட்டன் கிடையாது. எல்லாமே வாசகரின் தேர்வு என்று எழுதினால், கடைசியில் நஷ்டத்துக்கும் அவரே காரணம் என்று ஆகிவிடும். கரிசலில் அது பொய். இங்கேதான் பகடை உதவும். தாயக்கட்டையை உருட்டுங்கள், தாயம் விழுந்தால் பிரிவு 3க்குப் போகும் முன்பே மழை, விழாவிட்டால் இன்னும் எட்டு நாள் வெயில் என்று எழுதலாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் விளையாடிய ஊர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏணியும் பாம்பும் நல்வினை தீவினைக் கதைதானே!

தமிழில் எழுதினால் எங்கே இடிக்கும்?

கம்ப்யூட்டரில் இந்த வகைக் கதைகள் 1970களின் நடுவிலேயே வந்துவிட்டன. வில் க்ரவுதர் எழுதி, 1977ல் டான் வுட்ஸ் விரிவாக்கிய ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ அதில் முன்னோடி. அதில் பட்டன் எல்லாம் கிடையாது. ‘விளக்கை எடு’ என்று நீங்கள் டைப் செய்ய வேண்டும், கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு கதையை நகர்த்தும்.

ஆங்கிலத்தில் ‘எடு’, ‘விளக்கு’ என்று இரண்டு சொல்லை மாற்றமில்லாமல் அடுத்தடுத்து வைத்தால் முடிந்தது. தமிழில்? விளக்கு என்பது ‘விளக்கை’ ஆகும். மரம் ‘மரத்தை’ ஆகும். ‘கதவைத் திற’ என்று நடுவில் ஒரு ‘த்’ வரும், பாதிப் பேர் அதைப் போட மாட்டார்கள். ‘வெளக்க எடு’, ‘வெளக்க எடுத்துக்கோ’ என்று பேச்சுத் தமிழில் அடிப்பவர்களும் உண்டு. இத்தனையையும் ஒரே கட்டளையாகப் புரிந்துகொள்ளும்படி செய்வது தனி வேலை. அதனால் தமிழுக்கு இப்போதைக்குச் சுலபம், தட்டித் தேர்ந்தெடுக்கும் வகைதான்.

ஆனால் தமிழுக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. இந்தக் கதைகள் வாசகரைப் பார்த்து ‘நீ போனாய்’, ‘நீங்கள் போனீர்கள்’ என்றுதான் பேசும். இந்தியில் ‘நீ போனாய்’ என்று எழுதவே வாசிப்பவர் ஆணா, பெண்ணா என்று தெரிய வேண்டும், வினை மாறும். தமிழில் ‘போனான்’, ‘போனாள்’ என்று படர்க்கையில்தான் பால் காட்டும் விகுதி வரும். முன்னிலையில் கிடையாது. கோவில்பட்டிப் பையனும் பொண்ணும் ஒரே புத்தகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் தன் கதையாகப் படிக்கலாம்.

எதுவரைக்கும்? கதையில் வரும் கிழவி வாசகரைக் கூப்பிடும் வரைக்கும்! ‘ஏலே’ என்பாரா, ‘தாயி’ என்பாரா? எதிரே வருபவர் வாசகருக்கு மாமாவா, சித்தப்பாவா, அண்ணாச்சியா? கரிசலில் கூப்பிடுகிற சொல்லிலேயே ஆண், பெண், வயது, சாதி, சொந்தம் எல்லாம் வெளியே வந்துவிடும். அமெரிக்கப் புத்தகங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. தமிழில் எழுதுபவர் இதைச் சுற்றிக்கொண்டு போகலாம், அல்லது இதையே கதையாக்கலாம். ‘உன்னை அந்தத் தெருவில் எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்பதையே முதல் கேள்வியாக வைத்தால், அதற்குப் பிறகு திறக்கிற கதவும் மூடுகிற கதவும் வாசகரைச் சும்மா விடாது.

உங்கள் தேர்வை யார் பார்க்கிறார்கள்?

இதுவரை சொன்ன எதிலும் வராத ஒரு விஷயம் செல்போனில் வருகிறது.

பேண்டர்ஸ்நாட்ச் வந்த சில வாரங்களில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் மைக்கேல் வீல், ஐரோப்பியத் தரவுச் சட்டத்தைக் காட்டி, தன்னைப் பற்றிய தகவலை நெட்ஃபிளிக்ஸிடம் கேட்டார். படத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அப்பாவிடம் கோபப்படுவதா, அடங்கிப்போவதா என்று ஒரு பிள்ளை கதைக்குள் தேர்ந்தெடுப்பது, அந்தப் பிள்ளையைப் பற்றிய தகவலும்தான். பாட்டியிடம் சொன்னால் பாட்டியோடு போய்விடும். ஆப்பில் தட்டினால் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும்.

இந்தியாவில் 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

ஏஐ கதைகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 2019 டிசம்பரில் வந்த ‘ஏஐ டன்ஜன்’ மாதிரியான விளையாட்டுகளில் நீங்கள் என்ன சொன்னாலும் கதை ஓடும். மூன்றாவது வழி வேண்டுமா? கிடைக்கும். முப்பதாவது வழி? அதுவும் கிடைக்கும். ஆனால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருமே யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். பேக்கர்ட் புத்தகத்தில் வழிகள் குறைவு, ஆனால் ஒவ்வொரு வழியின் கடைசியிலும் அதை எழுதிய ஒரு ஆள் இருக்கிறார். பாட்டி கதையிலும் அப்படித்தான். பேரன் ‘எல்லாரையும் கொன்னுடு’ என்றால், ‘போதும், படு’ என்று சொல்ல ஒருத்தர் பக்கத்தில் இருக்கிறார்.

கேரக்டர் ஏஐ, திறந்த அரட்டையை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் கதை வடிவத்துக்குத் திரும்பியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். எல்லை இல்லாத உரையாடலால் வந்த பிரச்சினைக்கு, எல்லை உள்ள கதை மாற்றாக வந்திருக்கிறது. அது உண்மையிலேயே பாதுகாப்பா, பெயர் மாற்றமா என்பது, அந்தக் கதையின் முடிவுகளை மனிதர் யாராவது படித்துப் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

நெட்ஃபிளிக்ஸ் விஷயம் வேறு. ‘இந்தத் தொழில்நுட்பம் எங்கள் மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல்’ என்ற பொருளில்தான் அந்நிறுவனம் விளக்கம் கொடுத்தது. வேலை முடிந்து வந்து சோஃபாவில் சாய்ந்தவரிடம் 10 விநாடிக்குள் முடிவெடு என்றால் கடுப்பாகத்தானே செய்வார்? படிக்கிறவர் நிலைமை அப்படி இல்லை. அவர் கை ஏற்கெனவே பக்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறது, எத்தனை நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

சரி, செலவு எவ்வளவு ஆகும்?

எதுவுமே ஆகாது என்பதுதான் ஆச்சரியம். கிறிஸ் கிளிமாஸ் 2009ல் உருவாக்கிய ‘ட்வைன்’ என்ற மென்பொருள் இலவசம். கோடிங் தெரிய வேண்டாம். ஒரு பெட்டியில் கதைத் துண்டை எழுதி, அடுத்த பெட்டியின் பெயரை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் வழி தயார். யூனிகோடு தமிழ் ஏற்கும். முடிந்ததும் ஒரே ஃபைலாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், இன்டர்நெட் இல்லாமலும் பிரவுசரில் திறக்கும். யாருடைய தேர்வும் எந்த சர்வருக்கும் போக வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் குவிந்து கிடக்கின்றன. பெயர் குறிப்பிட்டு, அவற்றை எடுத்து வழி பிரித்து எழுதவும் உரிமம் இடம் கொடுக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொடுக்கிறது. அந்த அளவுப் புத்தகத்தில் 16 பக்கம் இருந்தால்கூட ஒரு கதையை மூன்று முடிவுகளோடு எழுதிவிட முடியும்.

கம்ப்யூட்டரே இல்லாத வகுப்பறையிலும் இதைச் செய்யலாம். பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரே கதையைக் கேட்டு எழுதி வரச்சொல்லி, மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். கதை எந்த இடம் வரை ஒன்றாகப் போகிறது, எந்த இடத்தில் ஒரு வீட்டுப் பாட்டி வேறு பக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். திரும்பும் இடத்தில் தாளின் அடியில் ஒரு கேள்வியும் இரண்டு தாள் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். கடைசியில் எல்லாத் தாளையும் எண் வரிசையில் அடுக்கி, ஓரத்தில் நூல் போட்டுத் தைத்துவிடலாம். அட்டையில் ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சண்டை வரும்: எழுதிய பிள்ளை பெயரா, சொன்ன பாட்டி பெயரா?